திருகோணமலையில இருந்து ஒரு கொயர் (கூட்டாப் பாடுற குழு): தொடங்கிறதில இருந்து பாட்டுத் திருவிழா மேடை வரைக்கும்

நாங்க முதல்முதல் கொழும்பில ஒரு பாட்டுத் திருவிழாவுக்குப் போகேக்க பதினெட்டுப் பேர், அதில டெனர் (ஆண்களிட மேல்குரல்) மூண்டே மூண்டு பெடியள், அந்த மூண்டில ஒருத்தனுக்கு இரவு பஸ்ஸில ஏசிக் காத்துப் பட்டுத் தொண்டை அடைச்சுப் போச்சு. டி சுருதியில தொடங்கின பாட்டு, வாத்தியம் ஒண்டும் இல்லாம மூண்டு நிமிசம் போகுது, நல்லாத்தான் போகுது எண்டு நினைச்சு நான் கண்ண மூடிக்கொண்டு கை ஆட்டுறன், கடைசிச் சரணத்தில கீபோர்ட் வந்து சேருற இடம், தங்கச்சி கோர்ட (ஒண்டாச் சேத்து வாசிக்கிற சுரங்கள) அமத்தினா, அவ்வளவுதான், அவ ஒரு ஊரில நாங்க ஒரு ஊரில. அரைச்சுரம், அதான் கீபோர்டில பக்கத்துக் கட்டைக்குள்ள தூரம், இறங்கிப் போய் நிண்டிருக்கிறம், பதினெட்டுப் பேரில ஒருத்தருக்கும் தெரியேல்ல, எனக்குந்தான்.

அண்டைக்குத்தான் விளங்கினது, கொயர் நடத்துறவரிட வேலை காதால செய்யிற வேலை, கை பிறகுதான். சேர்ச்சிலயோ கோயில் பஜனையிலயோ பாடிக்கொண்டு, நானும் ஒரு குழு தொடங்கினா என்ன எண்டு யோசிக்கிற தம்பி தங்கச்சிமாருக்கு, நான் பட்ட பாட்டில இருந்து வரிசையா சொல்லுறன்.

முதல் வேலை: ஒருத்தருக்குக் கீழ ஒரு வருசம் பாடுங்கோ

குழு தொடங்க அவசரப்படாதேங்கோ. ஒரு கொயர் மாஸ்டருக்குக் கீழ ஒரு வருசம் சும்மா நிண்டு பாடுங்கோ, அவர் எந்த இடத்தில நிப்பாட்டுறார், பிழை விட்ட ஆளப் பேர் சொல்லாம எப்பிடித் திருத்துறார், நேரத்துக்கு வராத ஆக்கள என்ன செய்யிறார் எண்டு பாருங்கோ. பேர் சொல்லித் திருத்தினா அடுத்த கிழமை அந்தப் பிள்ளை வராது, இது நான் அனுபவத்தில கண்டது.

கண்டக்டர், அதான் முன்னுக்கு நிண்டு கொயர நடத்துற ஆள், வெள்ளைக்காரன் கொண்டு வந்த ஆள் எண்டு நினைக்காதேங்கோ. கூத்தில அண்ணாவியார் மத்தளத்தோட நிண்டு பிற்பாட்டுக்காரர இழுத்துக்கொண்டு போறார் இல்லையா, அதுவும் இந்த வேலைதான். இன்னும் கிட்ட வேணுமெண்டா கடற்கரையில நிண்டு கரவலை இழுக்கிற மீன்பிடி ஆக்கள் அம்பாப் பாட்டுப் பாடுறதக் கேட்ட ஆக்களக் கேட்டுப் பாருங்கோ, முன்பாட்டுக்காரர் ஒரு மூச்சு எடுப்பார், அந்த மூச்சிலயே மற்ற எல்லாருக்கும் எப்ப இழுக்கிறது எண்டு தெரிஞ்சிடும். அந்த மூச்சுத்தான் கண்டக்டிங்கில முக்கியமான சங்கதி, பிறகு அதுக்கு வாறன்.

காது: இதுக்குக் குறுக்கு வழி இல்ல

சங்கீத சபைப் பரீட்சை எழுதின ஆக்களுக்குப் பாதி வேலை முடிஞ்ச மாதிரி. சா எங்க வைச்சாலும் ரி க ம அதுக்கு ஏத்த மாதிரி நகரும் எண்டு எங்கட பிள்ளையளுக்குச் சின்னனிலயே தெரியும். இங்கிலாந்தில ஜோன் கர்வென் எண்டவர் 19ஆம் நூற்றாண்டில பரப்பின டோ ரே மி முறையும் இதேதான், டோ நகரும். அவர் ஒவ்வொரு சுரத்துக்கும் கைச்சைகை வைச்சார், அதப் பேந்து ஹங்கேரியில கோடாய் எண்ட இசையமைப்பாளரிட வழியில வந்தவை பள்ளிக்கூடமெல்லாம் கொண்டு போச்சினம். கோடாய் பேரில கெச்கெமேட் எண்ட ஊரில 1975ல இருந்து ஒரு நிறுவனமே இருக்கு, வெளிநாட்டுப் பிள்ளையள் போய்ப் படிக்கினம். சரிகம தெரிஞ்ச பிள்ளைக்கு அந்தக் கைச்சைகை பழக ஒரு பின்னேரம் காணும்.

கர்நாடக சங்கீதம் மட்டும் படிச்ச ஆளுக்கு இல்லாதது ஒண்டு, ஒரே நேரத்தில ரெண்டு வேற வேற சுரத்தக் கேக்கிற காது. அதுக்கு ஒரு பயிற்சி: கீபோர்டில பேஸ் (ஆண்களிட கீழ்க்குரல்) லைன வாசிச்சுக்கொண்டு சொப்ரானோவ (பெண்களிட மேல்குரல்) பாடுங்கோ, பேந்து டெனர வாசிச்சுக்கொண்டு ஆல்ட்டோ (பெண்களிட கீழ்க்குரல்). முதல் மாசம் தலை இடிக்கும். சேர்ச்சில பாடின பிள்ளையளுக்கு இது வரும், ஆனா அவைக்குத் தாளம் கொஞ்சம் இளகி இருக்கும். ரெண்டு பக்கத்து ஆக்களையும் ஒரே குழுவில போட்டா ஒருத்தருக்கு ஒருத்தர் சொல்லிக் குடுப்பினம். திருகோணமலையில கோயிலும் சேர்ச்சும் நடந்து போற தூரத்தில இருக்கிறதில கிடைக்கிற லாபம் இது.

ஆக்களச் சேக்கிறது

நாலு குரல் எண்டு சொல்லுவினம்: சொப்ரானோ, ஆல்ட்டோ, டெனர், பேஸ். பன்னிரண்டு பேருக்குக் கீழ இருந்தா நாலு குரல் பாட்டப் பற்றி யோசிக்கவே வேண்டாம். ஒரே மெட்ட ஒரு பகுதி தொடங்கி, ரெண்டு அடி கழிச்சு மற்றப் பகுதி தொடங்கிற சுழல் பாட்டில இருந்து தொடங்குங்கோ, மெட்டு ஒண்டுதான் ஆனா கேக்கிறவைக்கு வேற வேற குரல் மாதிரிக் கேக்கும். ஆறு மாசம் அதிலயே நில்லுங்கோ, வெக்கப்பட ஒண்டும் இல்ல.

டெனர்தான் எப்பவும் பிரச்சினை. பெடியன் நல்லாப் பாடத் தொடங்க கம்பஸ் கிடைச்சுப் போயிடுவான், இல்லாட்டி கட்டாருக்கு, இல்லாட்டி ரியூஷன். எப்பவும் தேவைக்கு ரெண்டு பேர் கூட வைச்சிருங்கோ. பன்னிரண்டு தொடக்கம் பதினாலு வயசுப் பெடியள் குரல் உடையிற நேரம் எண்டு வெளியில விடாதேங்கோ, அஞ்சாறு சுரத்துக்குள்ள நிக்கிற ஒரு லைன எழுதிக் குடுத்துப் பக்கத்தில வைச்சிருங்கோ, ரெண்டு வருசத்தில அவன்தான் உங்கட பேஸ்.

புதுசா வாற ஆளுக்கு வொய்ஸ் டெஸ்ட் எண்டு பயமுறுத்த வேண்டாம். பிறந்தநாள் பாட்டு அவைக்கு வசதியான சுருதியில பாடச் சொல்லுங்கோ, பேந்து நீங்க ஒரு சுரம் பாட அவர் அதத் திருப்பிப் பாடோணும், அஞ்சு சுரத்தில நாலு சரியெண்டா எடுங்கோ. குரல் எப்பிடி எண்டத விட நேரத்துக்கு வாறாரா, பக்கத்து ஆளக் கேட்டுப் பாடுறாரா எண்டது பெரிசு. தனிப்பாட்டுக்கு முதல் பரிசு எடுத்த ஒரு அக்கா எங்களோட ரெண்டு மாசம் பாடினா, என்ன செய்தாலும் அவவிட குரல் தனியத் தெரியும், கடைசியில அவவே விளங்கிக்கொண்டு போயிட்டா, இப்பவும் நல்ல நட்பு.

கட்டைப் பிரச்சினையும் ஒண்டு இருக்கு, கட்டை எண்டா சா வைக்கிற சுருதியிட உயரம். சங்கீதம் படிச்ச ஆண்கள் 1 கட்டை, பெண்கள் 5 கட்டை எண்டு பழகியிருப்பினம், ரெண்டையும் ஒரே மெட்டுக்குக் கொண்டு வரோணும். சாவுக்கும் மேல் சாவுக்கும் இடையில நிக்கிற பாட்டெண்டா 2 கட்டை, இல்லாட்டி இரண்டரை, ஒரு ஸ்தாயி வித்தியாசத்தில ரெண்டு பக்கமும் கஷ்டப்படாமப் பாடும். "என்ர சுருதி அஞ்சு, மாத்த மாட்டன்" எண்டு நிக்கிற ஆள் வந்தா, அன்பாக் கதைச்சுப் பாருங்கோ, ஒருக்காத்தான்.

கை

நாலு எண்ணிக்கைக்கு: கீழ, உள்ளுக்கு, வெளியில, மேல. மூண்டுக்கு: கீழ, வெளியில, மேல. ஆதி தாளம் எண்டா நாலு நாலா ரெண்டு தரம், மிஸ்ர சாப்பு எண்டா மூண்டும் நாலும். தொடையில தட்டுற பழக்கத்த விடுங்கோ, மைக்கில கேக்கும். இடது கை வலது கையக் கண்ணாடி மாதிரிப் பாத்துச் செய்யக் கூடாது, அதுக்குச் சத்தம் கூட்டுறது குறைக்கிறது, ஆக்கள உள்ள எடுக்கிறது எண்டு வேற வேலை இருக்கு. போன நிமித்தி வைச்சு உங்களையே வீடியோ எடுத்துப் பாருங்கோ, வெக்கமா இருக்கும், ஆனா அது போல ரீச்சர் இல்ல.

இப்ப அந்த மூச்சு. தொடங்கிற அடிக்கு ஒரு அடி முன்னுக்குக் கைய உயத்தேக்க நீங்களும் வாயத் திறந்து மூச்செடுங்கோ, எந்த வேகத்தில மூச்செடுக்கிறியளோ அந்த வேகத்திலதான் பாட்டு தொடங்கும். நீங்க பதகளிச்சு எடுத்தா அவையும் பதகளிப்பினம். இத மட்டும் ஒரு கிழமை பழகினாலே குழு மாறிப் போகும்.

கண்டக்டர் இல்லாமலும் பாடலாம். பிலிப்பைன்ஸ் பல்கலைக்கழகத்தில 1963ல அந்திரியா வெனராசியோன் தொடங்கின பிலிப்பைன் மாட்ரிகல் சிங்கர்ஸ் அரைவட்டமாக் கதிரையில இருந்துதான் பாடுவினம், முன்னுக்கு ஒருத்தரும் நிண்டு கை ஆட்டுறதில்ல. ஐரோப்பாவில பெரிய போட்டிகளில வெண்ட கொயருகள் மட்டும் மோதுற கிராண்ட் ப்ரீய 1997லயும் 2007லயும் வெண்டவை, ரெண்டு தரம் வெண்ட முதல் கொயர் அவைதான். கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கொலிஜில படிச்ச ஆறு பெடியள் 1968ல கிங்ஸ் சிங்கர்ஸ் எண்ட பேரில மேடையேறினது, ஆளுக்கொரு குரல். எங்களுக்கும் ஆறு பேர்தான் மிஞ்சினம் எண்டா கவலைப்படாம அப்பிடி ஒரு குழுவாப் போகலாம், ஆனா ஒருத்தர் வருத்தமெண்டா அண்டைக்குப் பாட்டே இல்ல எண்டதையும் யோசியுங்கோ.

பாட்டு எடுக்கிறது, தமிழ் பாடுறது

கொயரில தமிழ் பாடுறதுக்கு முன்னோடி எண்டா எம்.பி. சீனிவாசன். சினிமாவுக்கு இசையமைச்சவர், மெட்ராஸ் யூத் கொயர நடத்தி, தமிழையும் மற்ற இந்திய மொழியளையும் கூட்டுக்குரலில பாட வைச்சவர், 1988ல காலமானார். சேர்ச் பக்கம் பாத்தா வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) காலத்தில இருந்தே கீர்த்தனை இருக்கு. பாட்டுக்குப் பஞ்சம் இல்ல, அத நாலு குரலுக்கு எழுதிற ஆள்தான் பஞ்சம், நீங்களே மியூஸ்ஸ்கோர் எண்ட இலவச சொப்ட்வெயர இறக்கி எழுதப் பழகுங்கோ.

எழுதேக்க குறில் நெடில் கவனம். இங்கிலீஷில உயிர இழுத்தாப் பொருள் பெரிசா மாறாது, தமிழில இழுத்தா வேற சொல். எங்கட முதல் அரேஞ்ச்மென்டில கோணமலை எண்ட சொல்லில "ம"வுக்கு நான் ரெண்டு அடி குடுத்திட்டன், நாலு மாசம் பிள்ளையள் கோணமாலை கோணமாலை எண்டு பாடுதுகள், ஒரு பெரியவர் ஒத்திகைக்கு வந்து கேட்டிட்டு, "தம்பி, கோணேசருக்கு மாலை போடுறியளோ?" எண்டு கேட்டார். சம்பந்தர் கோணமாமலை எண்டு பாடினவர், அதில "மா" தனியா நிக்கும், மலை மலையாவே நிக்கும், ஆயிரத்து முந்நூறு வருசத்துக்கு முந்தின ஆளுக்கு இருந்த கவனம் எனக்கு இருக்கேல்ல. குறில் வாற இடத்தில சின்ன அடி குடுங்கோ, இழுக்கோணும் எண்டா நெடிலில இழுங்கோ.

மற்றது ம், ன், ள் எண்டு முடியிற சொல். இருபது பேர் இருபது நேரத்தில வாய மூடினா ஈ மொய்க்கிற மாதிரிக் கேக்கும். எந்த அடியில மூடுறது எண்டு பென்சிலால கொப்பியில எழுத வையுங்கோ. "ம்"மச் சுருதியோட முனகிப் பிடிக்கலாம், கேக்க வடிவா இருக்கும், "ட்" "க்" அப்பிடிப் பிடிக்க ஏலாது. நீளமான வரியில எல்லாரும் ஒரே இடத்தில மூச்செடுக்காம, பக்கத்து ஆள் எடுக்காத நேரம் பாத்து மாறி மாறி எடுக்கச் சொல்லுங்கோ, கேக்கிறவைக்கு மூச்சே எடுக்காத மாதிரி இருக்கும்.

உரிமை விசயமும் இருக்கு. இலங்கையில 2003ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆக்கினவர் செத்து 70 வருசம் வரை உரிமை அவர்ட ஆக்களுக்கு. பாரதியார்ட வரி 1921ல அவர் போனதோட கணக்குப் பாத்தாப் பிரச்சினை இல்ல, ஆனா அதுக்குச் சினிமாவில போட்ட மெட்டு வேற ஆளிட சொத்து. கன திருவிழாக்களில போட்டோகொப்பியோட மேடையேற விடமாட்டினம், காசு குடுத்து வாங்கின ஸ்கோர் (பாட்டிட இசை எழுதின தாள்) காட்டோணும். பழைய ஐரோப்பியப் பாட்டுகள் சிபிடிஎல் எண்ட தளத்தில இலவசமா இறக்கலாம், 1998ல இருந்து இருக்கு.

சுருதி இறங்காம இருக்க

எங்களுக்கு நடந்த கூத்து உங்களுக்கு நடக்காம இருக்க. ஒத்திகை முழுக்கக் கீபோர்ட் வாசிச்சு, மேடையில மட்டும் அத நிப்பாட்டினா இறங்கத்தான் செய்யும், பிள்ளையளுக்கு ஊன்றுகோலப் பறிச்ச மாதிரி. நாங்க இப்ப சுருதிப் பெட்டிய மட்டும் போட்டுப் பாடுறம், கீபோர்ட் லைன் பழகுற அண்டைக்கு மட்டும். கீபோர்டில இருக்கிற அந்தர காந்தாரம் (மேல் க), சுருதியோட ஒட்டி நிக்கிற காந்தாரத்த விட 14 செண்ட் உயரம், ஒரு அரைச்சுரம் எண்டது 100 செண்ட், அப்ப 14 எண்டது சின்னன்தான், ஆனா கோர்ட் பிடிச்சு நிக்கேக்க அந்தச் சின்னன்தான் மினுமினுக்கிறதுக்கும் உறுத்துறதுக்கும் வித்தியாசம். பாட்டு முடிய முடியப் போன் டியூனரில பாருங்கோ, எங்க இறங்கினது எண்டு தேடுங்கோ: ஒரே சுரத்தத் திருப்பித் திருப்பிப் பாடுற இடம், இறங்குவரிசை, மத்தியானம் ரெண்டு மணிக்கு மின்விசிறி இல்லாத ஹோல். கடைசிய மாத்த ஏலும், நாங்க பின்னேரம் அஞ்சரைக்கு மாத்தினம், பாதி சுருதி அதிலயே திரும்பி வந்திட்டுது. இன்னும் இறங்கினா முழுப் பாட்டையும் அரைச்சுரம் கூட்டிப் பாடிப் பாருங்கோ, சில பாட்டு சில சுருதியில நிக்காது, ஏன் எண்டு கேக்காதேங்கோ.

திருவிழாவுக்குப் போறது

முதல் வருசம் வெளிநாடு வேண்டாம். தமிழ்த்தினப் போட்டிக் குழுப்பாட்டு, கரோல் நிகழ்ச்சி, திருவெம்பாவைக் காலத்தில சங்கு சேமக்கலத்தோட விடியப்புறம் போற குழு, இதுகளில எல்லாம் ஆக்களுக்கு முன்னால பாடிப் பழகோணும். 2017 ஒக்டோபரில ஆசிய பசிபிக் கொயர் கேம்ஸ் கொழும்புக்கே வந்தது, அப்பிடிப் பக்கத்தில வரேக்கப் பாடாட்டிலும் போய்க் கேக்கோணும்.

உலகக் கொயர் கேம்ஸ் எண்டு 2000ல ஒஸ்ட்ரியா லின்ஸில தொடங்கினது இருக்கு, ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா. அத நடத்துற இன்டர்குல்டூர் போட்டிகளில நடுவர் பாக்கிறது: சுருதி, குரலிட தரம், ஸ்கோரில உள்ளபடி பாடுறது, மொத்தக் கலைத்தன்மை. அங்க தங்கம் எண்டா முதலாமிடம் எண்டில்ல, தங்கத்துக்கு எண்டு வைச்ச புள்ளிக்கு மேல எடுத்த எல்லாருக்கும் தங்கம், அந்தப் பிரிவில கூடப் புள்ளி எடுத்த ஆள்தான் சாம்பியன். பேப்பரில தங்கம் எண்டு பாத்தா இத ஞாபகம் வைச்சுக்கொள்ளுங்கோ, தங்கம் சின்ன விசயம் எண்டு சொல்ல வரேல்ல, உங்கட குழுவுக்கும் கிடைக்கலாம் எண்டு சொல்ல வாறன்.

விதிமுறைய மூண்டு தரம் வாசியுங்கோ. எத்தினை நிமிசம், அதில ஏறி இறங்கிற நேரமும் சேருமா, எத்தினை பாட்டு வாத்தியம் இல்லாம இருக்கோணும், வயசெல்லை, ஒலிப்பதிவு எப்ப எடுத்ததா இருக்கோணும். பதிவு அனுப்பேக்க எடிட் பண்ணாததையே அனுப்புங்கோ. காசுக் கணக்க முதல் நாளே எல்லாற்ற பெற்றோருக்கும் முன்னால வையுங்கோ, பதிவுக் கட்டணம், பஸ், தங்கிற இடம், சாப்பாடு. இதில ஒளிச்சு வைச்சு உடைஞ்ச குழு எனக்கு ரெண்டு தெரியும்.

போற அண்டு: ஒரு நாள் முந்திப் போங்கோ. இரவு மெயில் ரயிலோ பஸ்ஸோ, சால்வை கொண்டு போகச் சொல்லுங்கோ, இதுக்குக் காரணம் மேல சொன்னன். மேடைய முதல் போய்க் கைதட்டிப் பாருங்கோ, எதிரொலி கூடின மண்டபத்தில வேகத்தக் குறையுங்கோ. சுருதி எடுக்கிற ஆள் யார் எண்டு முடிவெடுங்கோ, சுருதிக்கவர் (தட்டினா ஒரே சுரம் தாற இரும்புக் கவர்) எண்டா 440 ஹேர்ட்ஸில, ஏ சுரத்தில அடிக்கும், அதில இருந்து உங்கட சுரத்த மனசில எடுக்கத் தெரியோணும், பதட்டத்தில மாறிப் போகும்.

பாடி முடிஞ்ச உடன கடை கண்ணி எண்டு வெளிக்கிடாதேங்கோ. திருவிழாவில உங்கட பாட்டு பதினைஞ்சு நிமிசம், மற்ற ஆக்களிட பாட்டு மூண்டு நாள், படிக்கிறது அந்த மூண்டு நாளிலதான். வேல்ஸில லாங்கோலென் எண்ட சின்ன ஊரில 1947ல இருந்து நடக்கிற திருவிழாவுக்கு 1955ல இத்தாலி மோடெனாவில இருந்து ஒரு ஆண்கள் கொயர் போச்சுது, அதில பேக்கரிக்காரத் தகப்பனோட 19 வயசு மகனும் நிண்டான், முதல் பரிசோட திரும்பினவை, அந்த மகன்தான் பிறகு உலகமே அறிஞ்ச ஒபேராப் பாடகர் லூச்சியானோ பவரோட்டி. நடுவற்ற குறிப்புத் தாள வாங்கிக்கொண்டு வாங்கோ, மற்றக் குழுவிட கண்டக்டர்மாரப் போய்க் கதையுங்கோ, "அந்த ரெண்டாவது பாட்டில ஆல்ட்டோவ எப்பிடி அவ்வளவு மெதுவாப் பாட வைச்சனியள்" எண்டு குறிப்பாக் கேட்டா எல்லாரும் சொல்லுவினம்.

இதில சீவிக்க ஏலுமா

எல்லாரும் கேக்கிற கேள்வி. எனக்குத் தெரிஞ்சு இஞ்ச கொயர் மட்டும் நடத்திச் சாப்பிடுற ஆள் இல்ல. பள்ளிக்கூடத்தில சங்கீத ரீச்சர், பின்னேரம் வீட்டில குரல் வகுப்பு, ஞாயிறு சேர்ச், கலியாணப் பூசை, டிசம்பரில நிலாவெளி உப்புவெளிப் பக்கம் ஹோட்டல் கரோல், இப்பிடிச் சேத்துத்தான் ஒரு வருமானம். டிகிரி எண்டா மட்டக்களப்பு கல்லடி விபுலானந்தா நிறுவகமோ யாழ்ப்பாணத்து மருதனார்மடமோ கர்நாடக சங்கீதத்துக்கு, அது அரச வேலைக்கு உதவும். கண்டக்டிங்க வேலையாவே செய்யோணும் எண்டா வெளியில போகோணும், அங்கயும் ஒரே நாளில வாறதில்ல: சுவீடன் எரிக் எரிக்சன் 1918ல பிறந்தவர், 1945ல கூட்டாளியளச் சேத்து ஒரு சின்னக் குழு தொடங்கினார், 1951ல சுவீடன் வானொலிக் கொயர எடுத்தவர் 30 வருசத்துக்கு மேல அதோட இருந்தார். வானொலிக் கொயர் எண்டா மாசச் சம்பளம், எங்களுக்கு அப்பிடி ஒண்டு இல்ல.

அதால இண்டைக்கே ஒரு பைல் தொடங்குங்கோ: நடத்தின பாட்டுகளிட லிஸ்ட், எந்த மேடை எந்தத் திகதி, எத்தினை பேர், நல்ல ஒலிப்பதிவு ரெண்டு, உங்கட முகமும் கையும் தெரியிற மாதிரிக் குழுவிட பக்கத்தில இருந்து எடுத்த வீடியோ ஒண்டு. வகுப்புக்கோ புலமைப்பரிசிலுக்கோ விண்ணப்பிக்கேக்க முதல் கேக்கிறது அந்த வீடியோதான், நாங்க எல்லாரும் பின்னால இருந்து முதுகத்தான் எடுத்து வைச்சிருப்பம்.

திரும்பி வாற பஸ்ஸில, ஹபரணை தாண்ட முந்தி, எல்லாரும் முழிச்சிருக்கேக்க அடுத்த ஒத்திகைத் திகதியச் சொல்லிப் போடுங்கோ. ஊருக்கு வந்து இறங்கினாப் பிறகு டெனர்மாரப் பிடிக்க ஏலாது.